விளக்கீட்டுக்கும் பொங்கலுக்கும் மண்பாண்டம் வாங்குவோருக்கு

கண்டி மாநகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தோட்டங்களிலும் உள்ள ஆலய பரிபாலன சபையினருக்கும், விழாக்காலத்தில் சட்டி, பானை, சிட்டி விளக்கு வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கும்,



பொங்கல் பானை அடுப்பில் வெடித்தால் நம்மவர் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நான் பரிபாலன சபையில் இருந்த ஒரு கோயிலில், தைப்பொங்கலன்று விடிய 25 பானைகள் வரிசையாக அடுப்பேறின. பால் பொங்க முன்னமே 7 பானைகள் கீறிவிட்டன. ஒன்று அடியோடு பிளந்து, பாலும் அரிசியும் நெருப்பில் கொட்டிப் புகைந்தன. அந்தப் பானைக்குரிய வீட்டில் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐயர் எவ்வளவோ ஆறுதல் சொன்னார். ஊர் வாய் அதைக் கேட்கவில்லை.

அன்று மாலையே சபை கூடியது. பானை செய்தவருக்குக் கொடுக்கவேண்டிய மீதிப் பணத்தில் பாதியை வெட்டுவதென்று முடிவானது. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் அந்த முடிவைச் சொல்லப் போனவனும் நான்தான்.

அவர் எழுபது வயது தாண்டிய சிங்களவர். தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்த குடும்பம். காசை எண்ணாமலே வாங்கிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். “சேர், நீங்கள் ஓடர் தந்தது டிசம்பர் 10ஆம் திகதி. அதற்குப் பிறகு எத்தனை நாள் வெயில் எறித்தது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தபடி எண்ணினேன். ஒரு கை விரல்களே போதுமாக இருந்தன.

நான் 31 ஆண்டுகள் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்தவன். களிமண்ணின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதற்குள் இருக்கும் நீர் எப்போது, எந்த வழியாக வெளியேறுகிறது, வெளியேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்றுவரை நின்று யோசித்ததில்லை. அதன் பிறகு அந்த முதியவரின் முற்றத்தில் பல நாட்கள் போய் இருந்தேன். புத்தகங்களையும் புரட்டினேன். அறிந்ததை உங்களிடம் ஒப்படைக்கவே இந்த மடல். மண்பாண்டத்துக்கான ஓடரை விழா நாளைப் பார்த்துக் கொடுக்காமல் வெயிலைப் பார்த்துக் கொடுங்கள் என்பதும், வாங்கியதை ஈரம் ஏறாமல் வைத்திருங்கள் என்பதும்தான் நான் கேட்பது. ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்தருளுங்கள்.

நமது நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். நவராத்திரிக் கும்பம் புரட்டாசியில். தீபாவளி ஐப்பசியில். விளக்கீடு கார்த்திகையில். பொங்கல் தை முதலாம் நாள். இனி இதே நாட்காட்டியில் கண்டியின் மழையை எழுதிப் பாருங்கள். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் கால்பங்குக்கு மேல் ஒக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் கொட்டிவிடுகிறது. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடர்கிறது. ஜனவரி பிறந்த பிறகுதான் வானம் மெல்ல வெளிக்கிறது. மார்ச் வரை நீடிக்கும் அந்தக் காய்ந்த காலமே ஆண்டின் நல்ல வெயில். ஆக, ஒரு பானை காய்வதற்கு ஆண்டிலேயே மிகவும் மோசமான மூன்று மாதங்களைத் தேடிப் பிடித்து, அந்த மூன்று மாதங்களுக்குள் நம்முடைய ஓடர் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். பொங்கல் முடிந்து, வானம் வெளித்து, சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ற காலம் வரும்போது அந்த முற்றத்துக்கு ஒருவரும் போவதில்லை.

ஈரக்காற்று பானைக்கு எப்போதும் பகை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். விடயம் அதைவிட நுட்பமானது. எனக்கும் அது விளங்க நாள் பிடித்தது.

சக்கரத்தில் ஏறும் களிமண்ணின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால்பங்கு வரை நீர்தான். களிமண் துகள் உருண்டையானது அல்ல, தகடு போன்றது. ஆயிரக்கணக்கான மெல்லிய தகடுகளுக்கிடையில் நீர்ப் படலம் இருப்பதால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, கை சொன்னபடி மண் வளைகிறது. பானையை இறக்கி வைத்ததும் மேற்பரப்பு நீர் ஆவியாகத் தொடங்குகிறது. உள்ளேயிருந்து நீர் ஊறி வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. நீர் போகப் போகத் தகடுகள் நெருங்குகின்றன, பானை சுருங்குகிறது. நூற்றுக்கு 5 முதல் 8 வரை நீளம் குறையும். ஓரடி உயரப் பானை முக்கால் அங்குலம் குட்டையாகிவிடும் என்றால் பாருங்கள்.

ஆபத்து முழுவதும் இந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. விளிம்பு மெல்லியது, இரு பக்கமும் காற்றுப் படுவது. அடி தடித்தது, நிலத்தில் பதிந்திருப்பது. விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கப் பார்க்கும்போது, இன்னும் ஈரமாக நிற்கும் வயிறு அதற்கு இடம் கொடுக்காது. இழுபறியில் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். பல வேளைகளில் அது கண்ணுக்குத் தெரியாது. சூளையிலும் தெரியாமல் தப்பி வரும். பொங்கலன்று, அடியில் நெருப்பும் மேலே குளிர்ந்த பாலுமாக நிற்கும்போது, அந்த மயிரிழைதான் வாய் திறக்கிறது. நாம் தை முதலாம் நாள் கண்ட வெடிப்பு மார்கழியிலேயே விழுந்துவிட்டது.

எனவே முதல் சில நாட்களுக்குப் பானை மெல்லக் காய வேண்டும். கண்டியின் ஈரக்காற்று அந்த நாட்களில் துணைதான் செய்கிறது. பெப்ரவரி மாதத்துக் காய்ந்த காற்றில் அந்த முதியவர் புதுப் பானைகளை நனைந்த சாக்கால் போர்த்தி, வீட்டின் நிழல் பக்கத்தில் கவிழ்த்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். விளிம்பு நிலத்தைப் பார்த்திருந்தால் அது மெல்லக் காயும், அடி காற்றைப் பார்த்திருந்தால் அது கூடிக் காயும், இரண்டும் ஒத்துப் போகும். பெரிய பீங்கான் தொழிற்சாலைகளிலும் இதே அறிவுதான் இயந்திரமாக நிற்கிறது. உலர்த்தும் அறைக்குள் முதலில் செலுத்துவது சூடான ஈரக்காற்று. மேற்பரப்பைக் காயவிடாமல் பாண்டம் முழுவதையும் உள்வரை சூடாக்குவார்கள். 20 பாகை செல்சியஸில் இருக்கும் நீரைவிட 50 பாகையில் இருக்கும் நீர் கிட்டத்தட்ட இருமடங்கு இலகுவாக ஓடும். உள்ளே இருப்பது வெளியே வர வழி திறந்த பிறகுதான் காற்றின் ஈரத்தைக் குறைப்பார்கள். மாத்தளையில் 1970களிலிருந்து ஜப்பானிய நொரிடாக்கே நிறுவனத்தின் கூட்டில் பீங்கான் செய்கிறார்கள். அந்த மாவட்டத்து பெல்ட்ஸ்பார் கல்லும் நாட்டின் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. நம் அலுமாரியில் இருக்கும் கோப்பைக்கும் வீதியோரச் சட்டிக்கும் காயும் விதி ஒன்றுதான்.

சுருக்கம் நின்றதும் நிலைமை தலைகீழாக மாறுகிறது. தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன, இனிச் சுருங்க இடமில்லை. மண்ணின் நிறம் வெளுக்கத் தொடங்கும். இதற்குச் சற்று முன், மண் இன்னும் வளைந்து கொடுக்கும் இடைப்பதத்தில்தான் நமது பக்கத்துப் பானைகள் முழு வடிவம் பெறுகின்றன. சக்கரத்தில் அடி மூடாமல், தடித்த சுவரோடு எடுத்த பானையை, உள்ளே கல்லும் வெளியே தட்டுப்பலகையுமாகப் பிடித்துத் தட்டித் தட்டி உருண்டையாக்கி அடியை மூடுவார்கள். ஈரம் கூடினால் மண் சரியும், குறைந்தால் தட்டும்போதே விரியும். எப்போது தட்டலாம் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. அடைமழையில் அந்தப் பதம் வர இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும், பங்குனி வெயிலில் அரை நாளில் வந்து அரை நாளில் போய்விடும். தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, கனிமங்களை ஆராயும் புவியியலாளராக இந்த நாட்டுக்குத் திரும்பி வந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டின் கைவினைஞர்களைப் பற்றி 1908இல் எழுதிய பெரிய நூலில் மட்பாண்டக்காரருக்கும் இடம் கொடுத்தார். கல்லையும் மண்ணையும் படித்த ஒருவர் இந்தக் கைகளை மதித்தது எனக்கு வியப்பாக இல்லை.

சுருக்கம் நின்ற பானையில் மிச்சமிருப்பது நுண்துளைகளுக்குள் அகப்பட்ட நீர். அது இனிப் போகட்டும் என்று நாம் விரும்பும் நேரத்தில்தான் கண்டியின் நவம்பர் குறுக்கே நிற்கிறது. துளைக்குள் இருக்கும் நீரும் வெளிக்காற்றின் ஈரமும் ஒரு சமநிலைக்கு வந்ததும் காய்வது நின்றுவிடும். காற்றில் ஈரம் நூற்றுக்கு 80, 90 என்று நிற்கும் நாட்களில் அந்தச் சமநிலை உயரத்திலேயே நின்றுவிடுகிறது. பானை வெளுத்திருக்கும், கைக்குக் காய்ந்ததாகவே தெரியும். உள்ளே எடையில் நூற்றுக்கு 2, 3 பங்கு நீர் அப்படியே இருக்கும்.

மட்பாண்டக்காரர் பானையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம், குளிராவிட்டால் சூளைக்குப் போகலாம். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் குளிர்கிறது. அருமையான சோதனை. ஆனால் காற்றே நீர் நிறைந்து நிற்கும் நாளில் பானையிலிருந்து எதுவும் ஆவியாகாது, கன்னம் குளிராது. அந்த நாளில் கன்னம் சொல்வது “காய்வது நின்றுவிட்டது” என்பதை மட்டும்தான். “காய்ந்து முடிந்தது” என்று அதை எடுத்துக்கொண்டால் சூளையில் விபரீதம். இதை நான் முதியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மழைக்காலத்தில் தன் தகப்பன் கன்னத்தை நம்பமாட்டார் என்றும், பானைகளைக் குசினி அடுப்புக்கு மேலுள்ள பரணில் மூன்று நாள் வைத்த பின்னரே சூளைக்கு ஏற்றுவார் என்றும் சொன்னார். புத்தகத்தில் நான் தேடிய விடை அந்தப் பரணில் புகையேறிக் கிடந்தது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2 கிலோ எடையுள்ள பானையில் நூற்றுக்கு 3 பங்கு நீர் என்றால் 60 கிராம். அரைக் கோப்பைக்கும் குறைவு. அது கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 100 லீற்றர் நீராவி. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் 98 பாகையிலேயே கொதித்துவிடும். அவ்வளவு நீராவியும் மயிரிழைத் துளைகள் வழியே வெளியேற வேண்டும். சூளை மெல்ல ஏறினால் அது சத்தமில்லாமல் போய்விடும். வேகமாக ஏறினால் சுவரைப் பிய்த்துக்கொண்டு போகும். மழைக்காலச் சூளைக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்டவர்களுக்கு இது புரியும்.

ஆகவே ஈரக்காலத்தில் சூளைக்கு நீண்ட நேரம் மூட்டம் போட வேண்டும். அதற்கு விறகு வேண்டும், விறகும் நனைந்திருக்கிறது. நனைந்த விறகின் சூட்டில் பெரும்பங்கு அதன் சொந்த நீரை ஓட்டுவதிலேயே தீர்ந்துபோகிறது. நாள் நெருங்கிவிட்டதென்று நாம் தொலைபேசியில் அவசரப்படுத்துகிறோம். அவர் சூளையைச் சீக்கிரம் மூடுகிறார். களிமண்ணின் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் நீர் 450 முதல் 600 பாகைக்குள்தான் வெளியேறும். அதைத் தாண்டாத மண் ஒருநாளும் ஓடாகாது, நீரில் போட்டால் திரும்பவும் சேறாகும். விளக்கீட்டன்று மழைத்துளி பட்டுக் கரைந்த சிட்டி விளக்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணில் குறை சொல்லாதீர்கள், செய்தவரிலும் சொல்லாதீர்கள். அவை வெயிலும் நெருப்பும் குறைந்து பிறந்தவை.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இவ்வளவு விளக்கமே தேவையில்லை. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை தொடங்கிய நாளிலிருந்து நமது சனங்கள் ஈரத்தோடுதான் மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். மழைக்காலக் கொழுந்து வாடுவதற்கு எத்தனை மணித்தியாலம் கூடப் பிடிக்கும், காய்ச்சிய தூளில் ஈரம் நூற்றுக்கு 3 அளவில் நிற்க வேண்டும், மூட்டை திறந்து கிடந்தால் தூள் எப்படி ஈரம் குடிக்கும் என்பதெல்லாம் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். வாடாத கொழுந்தை உருளைக்குள் தள்ளு என்று எந்த டீமேக்கரையும் யாரும் அதட்டுவதில்லை. மண்ணுக்கு மட்டும் அந்த மரியாதையை ஏன் மறுக்கிறோம்?

காய்ந்த பச்சைப் பானையைச் சுடாமல் அடுக்கி வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். கண்டியில் அது ஆகாத காரியம். சுடாத பானை காற்றின் ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும், உறிஞ்சியதும் அதன் உறுதி குறையும், தூக்கும்போதே விளிம்பு கையோடு வரும். கூரை ஒழுக்கு ஒரு சொட்டு பட்டால் போதும். நன்றாகக் காய்ந்த பச்சை மண், அரைகுறையாகக் காய்ந்ததைவிட விரைவாக நீரைக் குடித்து அந்த இடத்தில் உதிர்ந்துவிடும். வெயில் காலத்தில் செய்ததை வெயில் காலத்திலேயே சுட்டுவிட வேண்டும். சுட்ட பாண்டத்தைப் பத்து மாதம் வைத்திருக்கலாம். அதற்கு இடமும் கவனமும்தான் வேண்டும். அந்த இரண்டும் மட்பாண்டக்காரரைவிடக் கோயில்களிடமும் கடைகளிடமும் அதிகம் உண்டு.

சேமிப்பில் நாம் செய்யும் பிழைகள் எனக்கு நேரில் தெரிந்தவை, ஏனென்றால் எங்கள் களஞ்சிய அறையிலேயே செய்தோம். பானைகளைச் சீமெந்துத் தரையில், வெளிச்சுவரோடு சாய்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மேலே பொலித்தீன் விரித்து மூடி வைத்தோம். தரையின் ஈரம் அடிப்பானைக்குள் ஏறியது. பொலித்தீனுக்குள் இரவில் வியர்த்து, அந்த நீர் திரும்ப மண்ணுக்குள் போனது. நாட்டுச் சூளையில் சுட்ட பானை தன் எடையில் நூற்றுக்கு 10, 15 பங்கு நீரைக் கூடக் குடிக்கும். 2 கிலோப் பானைக்குள் 300 கிராம் நீர் ஒளிந்திருக்கும், வெளியே ஒரு துளி தெரியாது. சுவரோரப் பானைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சணம் என்று நினைத்துத் துடைத்தோம். அது உப்பு. ஈரத்தோடு உள்ளே ஏறி, காயும்போது மேற்பரப்பில் படிகமாகி, காலப்போக்கில் தோலை உரித்துவிடும்.

மாற்றுவழி செலவில்லாதது. நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் பலகைச் சட்டம், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. பானைகள் கவிழ்ந்தபடி இருக்கட்டும், ஒன்றின் எடை மற்றதன் விளிம்பில் விழாமல் இடையில் வைக்கோலோ பழைய கடதாசியோ வையுங்கள். மூடுவதானால் பருத்தித் துணி. யன்னல் இருக்கும் அறையாகப் பாருங்கள். மாதம் ஒருமுறை வெயில் வரும் நாளில் கதவைத் திறந்துவிடுங்கள். சிட்டி விளக்குகளைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டாலே போதும்.

வாங்கும்போது தட்டிப் பார்க்கும் நமது பழக்கத்தைக் கைவிட வேண்டாம். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று ஒலிப்பது வெந்தது, வெடிப்பற்றது. மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறலோ, ஈரமோ, வேக்காட்டுக் குறைவோ இருக்கும். ஈரம் மட்டும்தானா என்று அறிய இரண்டு நாள் வெயிலில் வைத்துத் திரும்பத் தட்டிப் பாருங்கள்.

பொங்கலுக்கு முதல்நாள் இரவு பானையைக் கழுவி, மஞ்சள் கட்டி, விடியற்காலையில் நேரே பெருநெருப்பில் ஏற்றுகிறோம். கழுவிய நீர் சுவருக்குள் இருக்கிறது. தென்னோலைச் சுவாலை வெளிச்சுவரைச் சில நிமிடங்களில் நூறு பாகை தாண்டச் செய்கிறது. தயவுசெய்து பானைகளை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே கழுவுங்கள். கஞ்சித் தண்ணீரை ஊற்றி ஒருதரம் சிறுநெருப்பில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். நம் பாட்டிமார் புதுச் சட்டி பழக்கும் முறை அது. கஞ்சியின் மாப்பொருள் துளைகளுக்குள் போய்க் கூழாகி அடைத்துக்கொள்கிறது, பிறகு நீர் இலகுவில் ஏறாது. பொங்கலன்று முதல் பத்து நிமிடம் சிறுதணலில் வைத்து, பிறகு நெருப்பைக் கூட்டுங்கள். விளக்கின் கதை வேறு. சிட்டியை நீரில் ஊறவைத்து மேல் ஈரம் உலர்ந்ததும் எண்ணெய் விடுவதில் குற்றமில்லை. துளைகளில் நீர் நிற்பதால் எண்ணெய் மண்ணுக்குள் போகாது. சுடரின் சூடு சிட்டியை வெடிக்க வைக்கும் அளவுக்கு இல்லை.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. சுட்டபின் மண் நீரை மறந்துவிடுகிறது என்று நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது சரியல்ல. சூளையில் இழந்த நீரை ஓடும் செங்கல்லும் காற்றிலிருந்து மிக மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டே இருக்கின்றன. முதல் நாட்களில் வேகமாகவும், பிறகு நூற்றாண்டுக் கணக்கில் துளித்துளியாகவும் அது நடக்கிறது. அந்த எடைக் கூடுதலைக் கொண்டு பழைய ஓடுகளின் வயதைக் கணிக்கும் முறையொன்றை 2009இல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எடை கூடும்போது உடலும் மயிரளவு பருக்கிறது. பழைய கோப்பைகளின் மெருகில் சிலந்தி வலை போல விழும் கோடுகளில் பல அதனால் வந்தவை. சூளையிலிருந்து அன்று இறக்கிய செங்கல்லை அன்றே கட்டாதே என்று மேசன்மார் சொல்வதிலும் பொருள் இருக்கிறது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். பெப்ரவரியில் செய்து வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களா மட்பாண்டக்காரர்கள்? தெரியும். மண் எடுக்க, விறகு வாங்க, பத்து மாதம் விற்காமல் வைத்திருக்கக் கையில் முதல் இல்லை. அதனால்தான் நம் ஓடருக்கும் முற்பணத்துக்கும் காத்திருக்கிறார்கள். நாமோ விழா நிதி சேர்ந்த பிறகு, அதாவது மழை தொடங்கிய பிறகு, பணத்தோடு போகிறோம். வெடித்த பானைக்கான காரணங்களில் முதலாவதை நம் காசோலைப் புத்தகத்தில்தான் நான் கண்டேன். கேகாலைப் பக்கம் மொலகொடையில் கொழும்பு வீதியோரமாக அடுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்து இந்தத் தொழில் நன்றாக நடக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். வீதியோரம் இல்லாத முற்றங்களில் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன. அந்த முதியவரின் இரண்டு மகன்மாரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

தோட்டப் பகுதிச் சபையினரிடம் ஒரு யோசனையையும் வைக்கிறேன். இயங்காமல் மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளின் மேல்மாடிகள் கொழுந்து வாட்டுவதற்கென்றே கட்டப்பட்டவை. வரிசையாக யன்னல், நடுவே காற்றோட்டம், நிலத்திலிருந்து உயரம், மேலே தகரக் கூரையின் வெக்கை. பானை காயவைக்க அதைவிட நல்ல இடத்தை ஒருவர் திட்டம் போட்டுக் கட்ட முடியாது. நிர்வாகத்திடம் கேட்டு ஒரு மூலையையாவது பெற்றுப் பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. புவியியலும் இரசாயனமும் படிக்கும் நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஒரு தராசையும் ஈரமானியையும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் அங்கே எடை பார்த்து எழுதினால், எந்த மாதத்தில் ஒரு பானை எத்தனை நாளில் காய்கிறது என்ற கணக்கு நம் கையில் இருக்கும். ஈரமானி இல்லாமலும் ஒன்று செய்யலாம். கடையில் காய்கறி நிறுக்கும் தராசில் ஒரே பானையை நாள்தோறும் நிறுத்து, எடை மாறாமல் நின்ற பிறகு அடுப்புப் பரணில் ஒருநாள் வைத்துத் திரும்ப நிறுங்கள். குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவும் சூளையில் வெடிக்கக் காத்திருந்த நீர்.

அன்று வெட்டிய பணத்தை எங்கள் சபை இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த முதியவரிடம் திருப்பிக் கொடுத்தது. பெரும்பான்மையோர் மனமொத்துத்தான் அந்த முடிவு எடுத்தார்கள், அதற்காக அவர்களுக்கு நன்றி. அவர் இம்முறையும் எண்ணவில்லை. “வெயில் நேரத்தில் வாருங்கள், சேர்” என்று மட்டும் சொன்னார். அடுத்த பெப்ரவரியில் போனோம். 40 பானைகளுக்கு அரைவாசிப் பணம் முன்கூட்டிக் கொடுத்தோம். மார்ச் முடியமுன் அவை சுட்டு முடிந்து எங்கள் களஞ்சியச் சட்டத்தில் ஏறின. வந்த பொங்கலில் ஒன்று கீறியது. அதுவும் லொறியில் இடிபட்ட பானை என்று பிறகு தெரிந்தது.

சபையினரே, கடைக்காரரே, பொங்கல் கணக்கு முடிக்கும் கூட்டத்திலேயே அடுத்த பொங்கலுக்கான பானையையும் அடுத்த விளக்கீட்டுக்கான சிட்டியையும் ஒரு விடயமாக எடுங்கள். தை முடியுமுன் முற்பணத்தோடு ஒருவரை அந்த முற்றத்துக்கு அனுப்புங்கள்.

இங்ஙனம்,
கட்டுகஸ்தோட்டையிலிருந்து,
ஓய்வுபெற்ற ஓர் இரசாயனவியல் ஆசிரியன்